எப்படி வந்தீங்க?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உக்காந்து படிங்க. வீட்ல வயசான அப்பா அம்மா இருக்கறவங்க கண்டிப்பா படிங்க.

தென்காசியில ஓபி பாக்கறேன். அறுபது தாண்டினவங்க யார் வந்தாலும் நான் முதல்ல கேக்கறது "என்ன செய்யுது?"ன்னு இல்ல. "எப்படி வந்தீங்க?" பஸ்ஸா, ஆட்டோவா, நடந்தா, சைக்கிளா, இல்ல மகன் பைக்ல பின்னாடி உக்காந்தா? புதுசா வர்றவங்க நான் வழி கேக்கறேன்னு நெனச்சுக்கிட்டு "புது பஸ் ஸ்டாண்ட் வழியாதாம்மா" ம்பாங்க. எங்க சிஸ்டருக்கு ஆரம்பத்துல சிரிப்பு அடங்காது.

இந்தக் கேள்வி காலேஜ்ல கத்துக்கிட்டது இல்ல. ஒரு தாத்தாகிட்ட நான் பண்ணின தப்புல இருந்து வந்தது. (அவர் யாருன்னு தெரியக்கூடாதுங்கறதால சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அவருக்கு 71 வயசு. சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. பாவூர்சத்திரம் ரோட்டுல உள்ள ஒரு ஊர்ல இருந்து, கம்பி வெச்ச பழைய பெரிய சைக்கிள்ல ஆறு கிலோமீட்டர் மிதிச்சு வருவாரு. பின்னாடி கேரியர்ல எப்பவும் ஒரு சாக்கு கட்டியிருக்கும். வீட்டுக்குத் தேங்காய், மாட்டுக்குப் பிண்ணாக்கு, ஏதாவது ஒண்ணு. ஒரு நாள் சைக்கிள்ல இருந்து இறங்கும்போது கால் அந்தச் சாக்குல தட்டி விழுந்துட்டாரு. மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரிச்சப்புறம் மகனோட என்கிட்ட வந்தாரு. நான் ரொம்ப அக்கறையாத்தான் சொன்னேன். "இந்த வயசுல சைக்கிள் எதுக்கு தாத்தா? அதை விட்டுருங்க. தினமும் அரை மணி நேரம் நடங்க, அது போதும்." மகனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நல்லாச் சொல்லுங்க மேடம், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்காரு."

தாத்தா மெதுவா ஒண்ணு சொன்னாரு. "நடக்கதுக்குத்தாம்மா முடியல. சைக்கிள்னா ஒண்ணும் தெரியல."

வெளிய இருபது பேர் காத்திருந்தாங்க. சைக்கிளை விட மனசில்லாம சாக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். சிரிச்சிட்டே அடுத்த சீட்டைக் கூப்பிட்டேன்.

அஞ்சு மாசம் கழிச்சு ஆட்டோவுல வந்தாரு. ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சு இறக்கினாங்க. தொடை வத்திப்போயிருந்தது, வயிறு கூடியிருந்தது. சுகர் 300ஐத் தாண்டியிருந்தது. இத்தனைக்கும் மாத்திரை ஒரு நாள் தவறல. சைக்கிளை மகன் பழைய இரும்புக் கடையில போட்டுட்டாரு. நடக்கப் போனா அம்பது அடியில காலு கனத்து மரத்துப் போகுதுன்னு வீட்டுத் திண்ணையோட நின்னுட்டாரு. டீக்கடைக்குப் போகல. தோப்புக்குப் போகல. கல்யாண வீட்டுக்குக்கூடப் போகலன்னு கூட வந்த ஆச்சி சொன்னாங்க. "பேச்சே கொறஞ்சு போச்சு டாக்டரம்மா. டிவிய வெச்சா அதையும் பாக்க மாட்டேங்காவ."

அன்னைக்குத்தான் அவர் முதல்ல சொன்னது எனக்கு உறைச்சது.

நடந்தா கால் மரத்துப் போகும், ஆனா சைக்கிள் எத்தனை கிலோமீட்டர் மிதிச்சாலும் ஒண்ணும் செய்யாது. இது சாக்கு இல்லைங்க, ஒரு நோயோட முக்கியமான அடையாளம். முதுகெலும்புக்குள்ள நரம்புகள் போற குழாய், வயசாக ஆக எலும்பும் ஜவ்வும் தடிச்சு இடுப்புப் பக்கம் குறுகிடும். லம்பார் கேனால் ஸ்டெனோசிஸ்னு பேரு. நிமிர்ந்து நின்னாலும் நடந்தாலும் அந்தக் குழாய் இன்னும் இறுகும். கால் கனக்கும், எரியும், மரக்கும். உக்காந்தாலோ முன்னாடி சாஞ்சாலோ குழாய் கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும். வலி போயிடும். சைக்கிள்ல போகும்போது உக்காந்துதானே இருக்கோம்? அதனாலதான் அம்பது அடி நடக்க முடியாதவர் ஆறு கிலோமீட்டர் மிதிச்சாரு. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி மேல சாஞ்சுக்கிட்டா எவ்வளவு தூரமும் நடக்கறவங்களைப் பாத்திருப்பீங்க. அதுவும் இதேதான்.

கால்ல ரத்தக் குழாய் அடைப்பு இருந்தாலும் நடந்தா கெண்டைக்கால் பிடிக்கும். ஆனா அவங்களுக்கு சைக்கிள் மிதிச்சாலும் வலி வரும், சும்மா நின்னாலே வலி அடங்கிடும். முதுகுத் தண்டு ஆளுக்கு நின்னா பத்தாது, உக்காரணும். "எப்படி வந்தீங்க, வழியில எங்க நின்னீங்க, நின்னப்போ உக்காந்தீங்களா?" இந்த மூணு கேள்வியில பாதி விடை வந்துடும். ஸ்கேன் அப்புறம்தான்.

நான் என்ன பண்ணினேன்? அவரால முடிஞ்ச ஒண்ணை நிறுத்திட்டு, அவரால முடியாத ஒண்ணைச் செய்யச் சொல்லி அனுப்பினேன். அதுவும் ரெண்டு நிமிஷத்துல.

வயசானவங்களோட கால் தசை நாம நினைக்கறதைவிட வேகமாக் கரையும். 2007-ல வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வுல, ஆரோக்கியமா இருந்த முதியவங்களைப் பத்து நாள் படுக்கையிலயே வெச்சுப் பாத்தாங்க. பத்தே நாள்ல கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போச்சு. நான் அனுப்பின தாத்தா அஞ்சு மாசம் திண்ணையில உக்காந்திருந்தாரு.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தரையும் கேக்க ஆரம்பிச்சேன். கேட்டாத்தான் தெரியுது, என் ஓபி வாசலுக்கு வந்து சேர்றதுக்குள்ள இவங்க எவ்வளவு கணக்குப் போடறாங்கன்னு.

ஆச்சிகள் கதையை முதல்ல சொல்றேன். 2021 மே மாசம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்துச்சு. நியாயம், அரசியல் எல்லாம் நீங்க பேசிக்கோங்க, என் ஓபியில நான் பாத்ததைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஆச்சிகள் மகனுக்கு லீவு இருக்கற நாள்லதான் வருவாங்க. ஞாயித்துக்கிழமை நான் இல்லன்னா அந்த மாசம் மாத்திரை கிடையாது. இப்போ இலஞ்சியில இருந்தும் மேலகரத்துல இருந்தும் தனியா பஸ் ஏறி வர்றாங்க. மருமக பக்கத்துல இல்லாம என்கிட்ட பேச முடியுது. அதுலயே பாதி வியாதி வெளிய வருது.

ஒரே வீட்ல இருந்து ஆச்சி பஸ்ல வருவாங்க, தாத்தா சைக்கிள்ல வருவாரு. "அவளுக்கு ஓசி. எனக்கு எதுக்கு டிக்கெட்டு?" ம்பாரு. சென்னையில அறுபது தாண்டினவங்களுக்கு 2016-ல இருந்து மாசம் பத்து இலவச டோக்கன் உண்டு, ஆண்களுக்கும்தான். நம்ம பக்கத்துத் தாத்தாவுக்கு அது இல்ல. அவர் சைக்கிளை விடாம இருக்கறதுல கால் மட்டுமில்ல, சட்டைப் பையும் இருக்கு.

ஆனா பஸ் ஓசின்னா போதுமா? ஏறணும்ல. முதல் படி முழங்கால் உயரம். முட்டி தேஞ்ச ஆச்சிக்கு அது படி இல்ல, மதில் சுவர். ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு உடம்பை இழுத்துத்தான் ஏறணும். அப்போ பை எங்க? பல ஆச்சிகள் பையைத் தோள்ல மாட்டிக்கற மாதிரி தச்சு வெச்சிருக்காங்க. அந்த அறிவு எனக்கு இல்ல.

இன்னொண்ணு கேளுங்க. இதய பலவீனத்துக்காக நீர் மாத்திரை சாப்பிடற ஆச்சி ஒருத்தங்க. வீட்ல இருக்கும்போது கால் வீக்கம் இருக்காது, என்கிட்ட வர்ற அன்னைக்கு மட்டும் வீங்கியிருக்கும். நானும் டோஸைக் கூட்டிக்கிட்டே போனேன். ஒரு நாள் கதவைச் சாத்திட்டுக் கேட்டப்போதான் சொன்னாங்க. "பஸ்ல வார அன்னைக்கு அந்த மாத்திரையப் போட மாட்டேம்மா. எறங்குன எடத்துல எங்க போவேன்?" முந்தின நாள் கோயிலுக்கு பஸ்ல போயிருப்பாங்க, அன்னைக்கும் மாத்திரை கிடையாது. காலையில எழுந்ததுல இருந்து தண்ணியும் குடிக்க மாட்டாங்க. பஸ் ஸ்டாண்ட் கழிவறைக்குப் போக வெக்கம், வழுக்கும்னு பயம். நான் மாத்திரையைக் கூட்டினது வீண். வெளிய போற அன்னைக்கு மட்டும் மதியம் வீட்டுக்குப் போனப்புறம் போட்டுக்கோங்கன்னு நேரத்தை மாத்தினேன். அடுத்த மாசம் வீக்கம் இல்ல. (இதைப் படிச்சிட்டு நீங்களா நேரத்தை மாத்தாதீங்க. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ஆனா கேளுங்க.)

அடுத்து காத்து. ஆனி, ஆடியில தென்காசிக் காத்து எப்படின்னு இந்தப் பக்கம் இருந்தவங்களுக்குத் தெரியும். ஆரியங்காவு கணவாய் வழியா மேக்க இருந்து தள்ளும். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசல்ல நின்னீங்கன்னா வேட்டியை ஒரு கையால பிடிச்சுக்கணும். கிழக்க இருந்து ஊருக்குள்ள சைக்கிள்ல வர்றவங்களுக்கு அது எதிர்க்காத்து. திரும்பிப் போகும்போது மிதிக்கவே வேண்டாம்.

பால் ஊத்தற அண்ணாச்சி ஒருத்தர், 66 வயசு. ஒரு ஆனி மாசம் எதுக்கோ வந்தவரை வழக்கம்போலக் கேட்டேன். "சைக்கிள்லதான். ஆனா இந்த வருசம் காத்து ரொம்பக் கூடிப்போச்சு டாக்டரம்மா. நாலு எடத்துல எறங்கி உருட்டிட்டுல்லா வாரேன்" ன்னாரு. "கூட வர்றவங்களும் இறங்கறாங்களா?" "இல்ல, அவனுவ போயிட்டே இருக்கானுவ." காத்து கூடல. இவருக்கு எதிர்க்காத்துல மிதிச்சா நெஞ்சு அடைச்சிருக்கு, இறங்கி நின்னா சரியாகியிருக்கு. ஈசிஜி எடுத்துட்டு திருநெல்வேலிக்கு அனுப்பினேன். ஆஞ்சியோவுல பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வெச்சாங்க, இப்போ நல்லா இருக்காரு. நாங்க ஆஸ்பத்திரியில ஓட வெச்சுப் பாக்கற ட்ரெட்மில் டெஸ்டை அவருக்கு ஆனிக் காத்து செஞ்சிருக்கு. மொபெட்ல வர்றவரா இருந்திருந்தா எப்போ தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாத்தா இப்பவும் வயித்தைக் கலக்குது.

குற்றாலத்துல இருக்கற பெரியவங்க கணக்கு வேற மாதிரி. ஊருக்கெல்லாம் சீசன்னா ஆனி, ஆடி. சாரல் விழும், பேரருவியும் ஐந்தருவியும் கொட்டும், நீங்க எல்லாரும் வருவீங்க. வாங்க, சந்தோஷம். ஆனா அந்த ஊர்லயே இருக்கற பெரியவங்க அந்த மூணு மாசம் நடக்கறதையே நிறுத்திடறாங்க. ரோட்டோரம் பூரா கடை, நடு ரோடு பூரா வேன், தரை எல்லாம் ஈரம், எண்ணெய் தேச்சுக் குளிச்சவங்க நடந்த வழுக்கல் வேற. அவங்களுக்குச் சீசன் பங்குனிதான். அருவியில தண்ணி இருக்காது, ரோட்டுல ஆளும் இருக்காது. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ஹாயா நடப்பாங்க. ஆவணியில வர்ற குற்றாலத்துக்காரங்க சுகர் ரிப்போர்ட்டைப் பாத்தாலே மூணு மாசம் வீட்டுக்குள்ள இருந்தது தெரியும். இது ஆய்வு முடிவு இல்ல, நான் பாக்கற என் ஓபி. இப்போ அவங்களுக்கு மட்டும் ஆனியிலயே வீட்டுக்குள்ள நாற்காலியில உக்காந்து எழுந்திருக்கற பயிற்சி சொல்லிக் கொடுத்துடறேன்.

ரோடுன்னதும் ஞாபகம் வருது. திருநெல்வேலி - தென்காசி ரோடு நாலுவழி ஆனதுல எனக்கும் சந்தோஷம்தான், ஆம்புலன்ஸ் சீக்கிரம் போகுது. ஆனா ரோட்டோரப் புளியமரம், ஆலமரமெல்லாம் போச்சு. நடந்து போறவங்க அங்கங்க நிழல்ல நின்னு போவாங்க, அந்த நிக்கற இடம் போச்சு. எதிர்ப்பக்கம் இருக்கற டீக்கடைக்குப் போகணும்னா இப்போ ரோட்டைக் கடக்கறதே ஒரு பயணம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பக்கத்து ரோடு சுமார் ஏழு மீட்டர். பிரிட்டன்ல சிக்னல் வைக்கும்போது, மனுசன் ஒரு செகண்டுக்கு 1.2 மீட்டர் நடப்பான்னு கணக்கு. 2012-ல அங்க 65 வயசு தாண்டினவங்களை நடக்க வெச்சு அளந்தப்போ ஆண்கள் சராசரி 0.9 மீட்டர், பெண்கள் 0.8 மீட்டர்தான் வந்துச்சு. பச்சை விளக்கு யாருக்காகன்னு அப்போதான் அங்க கேட்டாங்க. முட்டி வலி ஆச்சி அரை மீட்டர் நடந்தா பெரிசு. ஏழு மீட்டரைக் கடக்க 14 செகண்ட். அந்த 14 செகண்டுல 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பஸ் 230 மீட்டர் ஓடி வந்துடும். அவ்வளவு தூரத்துல வர்ற பஸ் கண்புரை உள்ள ஆச்சிக்குத் தெரியுமா? "ரோட்டைத் தாண்டி எதுக்கு, வீட்லயே இருங்க"ன்னு பிள்ளைங்க சொல்றது இங்கதான் ஆரம்பிக்குது.

வீட்ல நீங்களே ஒண்ணு பாக்கலாம். தரையில நாலு மீட்டர் அளந்து கோடு போடுங்க. அப்பாவையோ அம்மாவையோ அவங்க வழக்கமா நடக்கற வேகத்துல நடக்கச் சொல்லி செல்போன்ல நேரம் பாருங்க. அஞ்சு செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய விஷயம். வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. தசை, நரம்பு, கண், இதயம், இல்ல புதுசா ஆரம்பிச்ச ஒரு மாத்திரை, இதுல எதுவா வேணா இருக்கலாம். புராஸ்டேட்டுக்குக் கொடுக்கற சில மாத்திரை, எழுந்து நின்ன உடனே பிரஷரை இறக்கி ஆளைச் சாய்க்கும். பஸ் சீட்ல இருந்து டக்குனு எழுந்து இறங்கறவங்க அங்கதான் விழறாங்க.

சரி, அந்தத் தாத்தாவுக்கு வர்றேன்.

ஸ்கேன்ல நான் நெனச்சதுதான். அறுவை சிகிச்சை வரைக்கும் போக அவருக்கு இஷ்டம் இல்ல, உடனே தேவைப்படற நிலைமையும் இல்ல. பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பினேன். தொடைக்கு வலு ஏத்தற பயிற்சி ரெண்டு மாசம். முன்னாடி சாய்ஞ்சு தள்ளற வாக்கர் வெச்சுத் தெருவுக்குள்ள நடை. சுகருக்கு மருந்தை மாத்தினேன். மூணாவது மாசம் நானே கேட்டேன். "தாத்தா, மறுபடியும் சைக்கிள் ஓட்டுவீங்களா?"

மகன் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. நீங்கதானே மேடம் விடச் சொன்னீங்கன்னு கேக்கல, அவ்வளவு மரியாதை. "ஆமா, நான்தான் சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன்" னு நானே சொன்னேன். பன்னண்டு வருஷப் பிராக்டிஸ்ல நோயாளி முன்னாடி அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவருக்கு விளக்கினேன். அவர் விழுந்தது ஓட்டும்போது இல்ல. இறங்கும்போது, கம்பிக்கும் கேரியர் சாக்குக்கும் மேல காலைத் தூக்கிப் போட்டப்போ. 71 வயசு இடுப்பு அவ்வளவு உயரம் விரியாது. கம்பி இல்லாத சைக்கிள், சீட்டை இறக்கி வெச்சு ரெண்டு பாதமும் தரையில படற மாதிரி இருந்தா பெரிய பிரச்சனை தீர்ந்துது.

"லேடீஸ் சைக்கிளா?" ன்னாரு. சுகர் 300ன்னு சொன்னப்போகூட அந்த முகம் மாறல.

1990களோட தொடக்கத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் பத்தலன்னு கம்பி வெச்ச ஆம்பளை சைக்கிள்லயே ஏறினாங்க. ஊர் சிரிச்சுது, அவங்க ஓட்டினாங்க. அதைத் தாத்தாகிட்ட சொன்னேன். "அது வேற மாவட்டம்லா" ன்னாரு.

நெதர்லாந்து கதையையும் சொன்னேன். 2010-ல ஒரு மருத்துவ இதழ்ல வீடியோவோட வந்தது. பத்து வருஷமாப் பார்க்கின்சன்ஸ் நோய் உள்ள 58 வயசுக்காரர். ரெண்டு அடி நடந்தா கால் தரையோட ஒட்டிக்கிட்டு விழப் போறாரு. அவரை சைக்கிள்ல ஏத்திவிட்டா வளைச்சுத் திருப்பி அருமையா ஓட்டறாரு. இறங்கினா மறுபடியும் கால் ஒட்டிக்குது. தாத்தா அதை ரெண்டு தடவை பாத்தாரு, என் போன்ல. "அவரு ஓட்டுததும் கம்பி இல்லாத வண்டியா?" அது எனக்கு ஞாபகம் இல்லைன்னு சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம்.

கடைசியில வேலை செஞ்சது நான் சொன்ன எதுவும் இல்ல. வீட்டுத் தாழ்வாரத்துல பேத்தியோட சைக்கிள் சும்மா நின்னுட்டிருந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். அவ காலேஜுக்குத் திருநெல்வேலி போய் ஹாஸ்டல்ல இருக்கா. துரு ஏறிடும், அப்பப்போ ஓட்டி வைங்கன்னு அவ போன்ல சொல்லியிருக்கா. பேத்தி வண்டியைப் பராமரிக்கறதுன்னா அது வேற விஷயமாச்சே.

எல்லாருக்கும் நான் சைக்கிள் எழுதிக் கொடுக்கறதில்ல. தலைசுத்தல் இருக்கறவங்க, அடிக்கடி சுகர் இறங்கறவங்க, பார்வை சரியில்லாதவங்களுக்குக் கண்டிப்பா வேண்டாம்பேன். இவருக்கே கண்புரை ஆபரேஷன் முடிஞ்சப்புறம்தான் ஓகே சொன்னேன். நாலுவழிச் சாலை கிடையாது, குளத்தங்கரை வழியாத்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கிடையாது. கேரியர்ல சாக்கு கிடையாது, முன்கூடையில எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான். காத்து பலமா அடிச்சா இறங்கி உருட்டணும். ஹெல்மெட்டும் சொன்னேன். சிரிச்சாரு. ஒவ்வொரு மாசமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

போன வாரம் வந்திருந்தாரு. வெறும் வயித்துல சுகர் 128. ஆச்சி பஸ்ல முன்னாடியே வந்து பெஞ்சில உக்காந்திருந்தாங்க. "எப்படி வந்தீங்க தாத்தா?" ன்னு கேட்டேன். ஜன்னலைக் கையைக் காட்டினாரு. வேப்பமரத்தடியில சைக்கிள் நிக்குது, மட்கார்டுல பேத்தி ஒட்டின பட்டாம்பூச்சி ஸ்டிக்கரோட.

ஆனா முகம் கொஞ்சம் வாடியிருந்தது. கால்ல ஏதும் வலியான்னு கேட்டேன். அதெல்லாம் இல்லையாம். "தீவாளிக்கு அவ லீவுல வாராம்மா. வண்டியக் கேப்பாளோ என்னவோ."